அந்த இடத்துக்குக் காத்திருந்தவள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, உயர்தரப் பரீட்சை முடிவுகள் வெளியான வாரம். கொக்குவிலில் எங்கள் ஒழுங்கையில் எந்த வீட்டு மதிலுக்கு மேலாகவும் ஒரே கேள்விதான் வந்துகொண்டிருந்தது: "என்னவாம், சான்ஸ் இருக்காமோ?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிற ஆள், எங்கள் ஒழுங்கையில், நான்தான். பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியல் படித்துக்கொண்டிருந்தேன். லீவில் வீட்டில் நின்றேன். கையில் ஒரு மடிகணினி, அதற்குள் முந்தைய வருடங்களின் வெட்டுப்புள்ளிகள், தலைக்குள் ஓயாத ஒரு துறுதுறுப்பு. போதாதா? அம்மாவின் சிநேகிதிகள், சந்திக் கடைக்காரர், சைக்கிள் திருத்துகிற அண்ணை என்று எல்லாரும் யாரோ ஒரு பிள்ளையின் புள்ளியைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார்கள். நானும் சாத்திரம் சொல்கிறவர் மாதிரிக் கொஞ்சம் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுச் சொல்லுவேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் நாட்டில் பள்ளிக்கூடத்தின் கடைசிப் பரீட்சையான உயர்தரத்தில் எடுத்த புள்ளிகளை இசட் புள்ளி என்ற ஒன்றாக மாற்றி, அதை வைத்து மாவட்டத்தில் நீ எத்தனையாவது என்று நிலை போடுவார்கள். மருத்துவத்துக்கு மாவட்டத்துக்கு இவ்வளவு என்று இடங்கள் உண்டு. கடைசி இடம் கிடைத்த பிள்ளையின் புள்ளிதான் அந்த வருடத்து வெட்டுப்புள்ளி. ஆனால் அதை அறிவிக்க மாதக் கணக்கில் ஆகும். அதற்குள் பிள்ளைகள் தங்களுக்கு வேண்டிய படிப்புகளை விருப்ப வரிசையில் எழுதி விண்ணப்பிக்க வேண்டும். மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டு போய், எதற்கு உன் புள்ளி எட்டுகிறதோ அதைத் தந்துவிடுவார்கள். ஆகவே எதை முதலாவதாக எழுதுவது என்பதில் யாழ்ப்பாணத்தில் சண்டை நடக்காத வீடு குறைவு.

பக்கத்து வீட்டுத் தங்கச்சிக்கு அந்தச் சண்டை இல்லை. அவள் முதலாவதாக எழுதப்போவது மருத்துவம் என்பது ஊருக்கே தெரியும். அவளுடைய சிக்கல் வேறு. இரண்டாம் தரம் எழுதியிருந்தாள். முதல்முறை தூரத்தில் விட்டது, இந்த முறை பக்கத்தில் வந்து நின்றது. போன வருடம் எந்த நிலையோடு மருத்துவம் முடிந்ததோ, அதற்குக் கொஞ்சம் கீழே அவளுடைய நிலை. கையை நீட்டினால் தொடலாம் போல. தொட்டுவிட்டதாகச் சொல்லவும் முடியாது.

இன்னொரு தரம் எழுதலாம். மூன்று தரம்தான் எழுதலாம், அதுதான் கடைசி. எழுதுவதென்றால் அன்றைக்கே புத்தகத்தை எடுத்தாக வேண்டும். வெட்டுப்புள்ளி வரட்டும் என்று காத்திருந்து, வந்த பிறகு இல்லையென்று ஆனால், படிக்க நேரமும் இருக்காது. அவளோ களைத்துப்போயிருந்தாள். அதே பௌதிகவியல், அதே இரசாயனவியல், அதே கேள்விகள். "அக்கா, காத்திருக்கிறதோ, திரும்பப் படிக்கிறதோ? நீங்கள் சொல்லுறதை நான் கேக்கிறன்" என்றாள்.

அவளுடைய அம்மாவை நான் அன்ரி என்பேன். அவவுக்கு வேறு கவலை. மகளுக்கு மருத்துவம் கிடைத்தால் மருதனார்மடத்து ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்துவதாக நேர்ந்திருந்தா. மதிலடியில் வந்து நின்று, "உழுந்தை நனைக்கட்டோ, வேண்டாமோ? அதை மட்டும் சொல்லு பிள்ளை" என்று கேட்டா.

எனக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது. தங்கச்சிக்கு மேலே உள்ள எல்லாரும் மருத்துவம்தான் போடுவார்கள் என்று என்ன நிச்சயம்? வெளிநாடு போகிறவர்கள் இருக்கலாம். வேறு படிப்பில் ஆசை உள்ளவர்கள் இருக்கலாம். அப்படி மேலே எத்தனை பேர் விலகுகிறார்களோ அத்தனை இடம் வெட்டுக்கோடு கீழே இறங்கும். கொழும்பில் இருந்தால் இதைக் கண்டுபிடிக்க முடியாது. யாழ்ப்பாணத்தில் முடியும். ஏனென்றால் இங்கே நல்ல நிலை எடுத்த பிள்ளைகளின் முகங்கள் எல்லாம் சந்திகளில் தொங்கும்.

ரியூசன் நிலையங்கள் போடுகிற பதாகைகளைத்தான் சொல்கிறேன். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மருதனார்மடச் சந்தியில் ஒன்று, கொஞ்சம் தள்ளி அதைவிடப் பெரிதாக இன்னொன்று. ஒவ்வொன்றிலும் வரிசை வரிசையாகப் பாஸ்போர்ட் படங்கள், கீழே மாவட்ட நிலை. ஒரு பையன் நான்கு நிலையங்களின் பதாகைகளிலும் இருந்தான், நான்கிலும் வெவ்வேறு சேட். "உவன் எப்ப சாப்பிட்டவன்?" என்று பக்கத்தில் நின்ற மரக்கறிக்கார அண்ணை கேட்டார். தங்கச்சியின் அப்பா அந்தச் சந்தியில் உள்ள சந்தையில்தான் மரக்கறி விற்கிறார். நான் பதாகைகளைப் படம் பிடிப்பதைத் தூரத்தில் இருந்து கண்டுவிட்டு, கத்தரிக்காய்க்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து படங்களைப் பெருப்பித்து, நிலைகளை ஒவ்வொன்றாக நிரப்பினேன். அனேகமாக எல்லாருக்கும் முகம் கிடைத்தது. சில நிலைகளுக்கு மட்டும் எந்தப் பதாகையிலும் ஆள் இல்லை. அவர்களில் பாதிப் பேராவது வெளிநாடு போகிற ஆட்களாக இருப்பார்கள் என்று நானே முடிவு செய்தேன். முகம் உள்ளவர்களைப் பற்றி விசாரிப்பது சுலபமாக இருந்தது. எந்தப் பிள்ளையின் பெயரைச் சொன்னாலும் யாரோ ஒருத்தருக்கு மாமியின் பக்கத்து வீடாக இருக்கும். விடைதான் சலிப்பாக இருந்தது. மெடிசின். மெடிசின். மெடிசின்.

பிறகு ஒரு சிநேகிதி தொலைபேசியில் சொன்னாள்: "நீர்வேலியிலை ஒருத்தி இருக்கிறாள். உவளுக்கு விசர். விவசாயம் போடப் போறாளாம்."

அந்தப் பிள்ளையின் நிலையைப் பார்த்தேன். மிகவும் மேலே. நாட்டில் எந்த மருத்துவபீடத்தையும் கேட்டு வாங்கலாம். எனக்கு உடனே அவளை நேரில் பார்க்க வேண்டும் போல இருந்தது. அவளைப் பார்க்கவா, அவள் விட்டுவிட்டுப் போகிற இடத்தைப் பார்க்கவா என்று அந்த நேரத்தில் நான் யோசிக்கவில்லை.

சிநேகிதி சொல்லிவைத்திருந்தபடியால் நீர்வேலியில் எனக்குப் பெரிய வரவேற்பு. கம்பஸ் பிள்ளை, சான்ஸ் கணக்குப் பார்க்கிற பிள்ளை. அவளுடைய அப்பா வாழைத் தோட்டக்காரர். விறாந்தையில் கதிரையைத் துடைத்துப் போட்டார். தேத்தண்ணியும் ஒரு சீப்புக் கதலிப்பழமும் வந்தன. அவர் நேராக விசயத்துக்கு வந்தார்.

"பிள்ளை, இவளுக்கு மெடிசின் கிடைக்குமோ?"

"கண்ணை மூடிக்கொண்டு கிடைக்கும் மாமா."

"அதைத்தான் அவளுக்கு வடிவாச் சொல்லிப்போட்டுப் போம். நான் சொன்னால் ஏறாது. வாழைக்கு இறைக்கிறதுக்கு மூண்டு பாடத்திலையும் ஏ என்னத்துக்கு?"

உள்ளே இருந்து குரல் வந்தது. "இறைக்கிறதுக்கு எண்டு ஆர் சொன்னது?"

"வேற என்னத்துக்கு? குலை வெட்டவோ?"

நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன். வேடிக்கையைப் பாருங்கள். நான் அவர் கேட்டபடி மகளை மனம் மாற்றினால் எங்கள் தங்கச்சியின் இடம் போய்விடும். மாற்றாமல் விட்டால் அவருடைய கதலியைத் தின்றுவிட்டு அவருக்கு எதிராக வேலை செய்கிறேன்.

அந்தப் பிள்ளை வெளியே வந்து, "வாங்கோ அக்கா, தோட்டத்தைப் பாப்பம்" என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். ஒல்லியான பிள்ளை. நான் வேகமாகக் கதைக்கிறவள், அவள் என்னைவிட வேகம். ஒரு வாழையின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். சுற்றி நின்ற மரங்கள் எல்லாம் இலையை விரித்து நிற்க, அது மட்டும் குட்டையாக, இலைகள் எல்லாம் மேலே ஒன்றோடு ஒன்று நெருங்கி, கொத்தாக நின்றது. இது இனிக் குலை போடாது என்றாள். வைரஸ். ஒரு சின்னப் பூச்சி காவிக்கொண்டு வருகிறது. இதைக் கண்டவுடனே கிழங்கோடு கிண்டி எரிக்காவிட்டால் பக்கத்து மரத்துக்குப் போகும். அப்பாவுக்குக் கிண்ட மனம் வராது, தேறிவிடும் என்று பார்த்துக்கொண்டே இருப்பார். பக்கத்துத் தோட்டக்காரரும் அப்படித்தான். சொல்லிக்கொண்டு போகையில் அவள் ஒரு இலையைப் பிரித்து அடிப்பக்கத்தைக் காட்டினாள். நான் குனிந்து பார்த்தேன். ஒரு கண்ணாடி இருந்தால் நல்லது என்றேன். அவள் சட்டைப் பையில் இருந்து ஒரு சின்னப் பூதக்கண்ணாடியை எடுத்துத் தந்தாள். அது எப்போதும் அவளோடு இருக்கும் போல.

எனக்கு அவளை அந்த இடத்திலேயே பிடித்துப்போய்விட்டது. வகுப்பில் படித்த வைரஸை வீட்டு வேலிக்குள் கண்டுபிடித்து வைத்திருக்கிற பிள்ளை. எங்களில் எத்தனை பேருக்கு அது நடக்கிறது?

பூதக்கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தபோது அவள் கேட்டாள்: "அக்கா, நீங்கள் எனக்காக வந்தனீங்களோ, இடத்துக்காக வந்தனீங்களோ?"

பொய் சொல்ல எனக்கு நேரம் கிடைக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். பதாகைகள், பக்கத்து வீட்டுத் தங்கச்சி, உழுந்து வரைக்கும். அவள் சிரித்தாள்.

"நான் ஒண்டையும் விடேல்லை அக்கா. எனக்கு வேண்டினதை எடுக்கிறன். அதுக்கு ஆரும் எனக்கு நன்றி சொல்லத் தேவையில்லை. அப்பாதான் மெடிசினை முதலாவதாய்ப் போடு, பேந்து பாப்பம் எண்டு நிக்கிறார். முதலாவதாய்ப் போட்டால் எனக்கு அதுதான் வரும். பேந்து என்னத்தைப் பாக்கிறது?"

அப்பாவை மீறி எழுத அவளுக்கு மனம் இல்லை. அவர் மனதோடு சம்மதிக்க வேண்டும் என்று காத்திருந்தாள். விண்ணப்பிக்க இன்னும் ஒரு கிழமைதான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் தங்கச்சியைக் கூப்பிட்டுச் சொன்னேன். எனக்குள் ஒரு திட்டம் தயாராகியிருந்தது. அந்த மாமாவிடம் இன்னொருமுறை போவேன். விவசாயத்தில் என்னென்ன ஆராய்ச்சி இருக்கிறது, வெளிநாட்டில் மேற்படிப்புக்கு எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்று படங்களோடு காட்டுவேன். அவர் மகளுக்கும் நல்லது, உனக்கும் நல்லது. கேட்டுக்கொண்டிருந்தவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நீங்கள் எங்கடை வீட்டு ஆள் எண்டு அந்தாளுக்குத் தெரியுமோ?"

"கம்பஸ் பிள்ளை எண்டு தெரியும்."

"என்னைத் தெரியுமோ?"

"உன்னை என்னத்துக்கு இதுக்குள்ளை இழுக்கிறது?"

"அப்ப நானும் வாறன்."

வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். அவள் தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியின் பின்னால் ஏறி இருந்துவிட்டாள். கோண்டாவில், இருபாலை, கோப்பாய் என்று தாண்டினோம். கோப்பாய்க்கு அங்கால் வாழைத் தோட்டங்கள் தொடங்கிய பிறகு, "எவ்வளவு வாழை" என்றாள். அவ்வளவுதான்.

அதே விறாந்தை, அதே கதிரை, புதிய சீப்புக் கதலி. நான் மடிகணினியைத் திறந்து என் பிரசங்கத்தைத் தொடங்கினேன். நன்றாகவே போனது. மாமா தலையாட்டிக்கொண்டு கேட்டார். ஒரு படத்தில் இருந்த வாழைத் தோட்டத்தைக் காட்டி எந்த நாடு என்று கேட்டார். மகள் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு, என்னைப் பார்க்காமல் நின்றாள். இன்னும் கொஞ்ச நேரம் கதைத்திருந்தால் அவர் சம்மதித்திருப்பார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

அப்போதுதான் தங்கச்சி வாயைத் திறந்தாள்.

"மாமா, ஒரு விசயம் சொல்லோணும். உங்கடை மகள் மெடிசின் போடாட்டி, அந்த இடத்துக்குக் காத்திருக்கிறவள் நான்தான். அதாலை இந்தக் கதையை நீங்கள் அப்பிடியே நம்பக்கூடாது. இந்த அக்கா என்ரை பக்கத்து வீடு. எனக்குக் கிடைக்கோணும் எண்டுதான் ஓடித் திரியிறா. அவ சொல்லுறது பொய்யில்லை. ஆனால் உங்களுக்கு இது தெரிஞ்சிருக்கோணும்."

எனக்கு மடிகணினியை மூடுவதா விடுவதா என்று தெரியவில்லை. கதவு நிலையில் நின்றவள் நிமிர்ந்தாள்.

மாமா என்னைப் பார்த்தார். "அப்ப நீர் போனமுறை வந்ததும் இதுக்குத்தானோ?"

"ஓம் மாமா."

"என்ரை கதலியையும் திண்டிட்டு."

"ஓம் மாமா."

அவர் கோபப்படவில்லை. சிரிக்கவும் இல்லை. என்னை விட்டுவிட்டுத் தங்கச்சியின் பக்கம் கதிரையைத் திருப்பினார்.

"உமக்கு என்னத்துக்குப் பிள்ளை மெடிசின்?"

அந்தக் கேள்விக்கு யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் எல்லாரிடமும் மனப்பாடமான ஒரு விடை இருக்கும். மக்களுக்குச் சேவை. அதுதான் வரப்போகிறது என்று நினைத்தேன். அவள் சொன்னது வேறு.

"தெரியேல்லை மாமா. சின்னனிலை இருந்து சொல்லிச் சொல்லிப் பழகினபடியால்தான் கேக்கிறனோ எண்டு எனக்கே சந்தேகம் வந்தது. முதல்முறை சரிவராத உடனை வேற ஏதும் படிப்பம் எண்டு பாத்தனான். கணக்கியல் வகுப்புக்கும் போனனான். இருக்க முடியேல்லை. பஸ்ஸிலை முன்னுக்கு ஒராள் இருமினால் அந்த இருமல் எங்கை இருந்து வருது எண்டுதான் மனம் போகுது. வீட்டிலை கோழி உரிச்சால் ஈரலை நான்தான் கேட்டு வாங்கிப் பாக்கிறது. திண்ணிறதுக்கில்லை."

கதவு நிலையில் இருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. மாமா மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"உவளும் உதைத்தான் சொன்னவள். ஈரலுக்குப் பதிலாய் வாழையெண்டு." பிறகு தனக்குத்தானே சொல்வது போல, "இந்த வீட்டிலை மெடிசினுக்கு ஆசைப்பட்டது நான் ஒராள்தான்" என்றார்.

சரி என்றோ இல்லை என்றோ அவர் சொல்லவில்லை. யோசிக்க வேண்டும் என்றார். எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். நாங்கள் கிளம்பினோம். படலையடிவரை வந்த அந்தப் பிள்ளை தங்கச்சியிடம் கேட்டாள்:

"உமக்கு எதிலை இழுத்தது?"

"கெமிஸ்ட்ரி. சேதனம் எனக்குத் தலையிலை ஏறாது."

"மூண்டாம் தரம் எழுதுறீரோ?"

"இனிக் கிடைக்கும் எண்டு அக்கா சொல்லுறா."

"அக்கா சொல்லட்டும். நீர் எழுதும்."

வரும் வழியில் எனக்குக் கோபம் பொங்கியது. ஸ்கூட்டியை ஓரத்தில் நிறுத்திவிட்டே கேட்டேன், உனக்கு விசரா என்று. நான் பொய் ஒன்றும் சொல்லவில்லையே. அந்த மனிதர் சம்மதிக்கிற நேரத்தில் ஏன் குறுக்கே விழுந்தாய்?

"அக்கா, எனக்குக் கிடைச்சு நான் டொக்டரா வந்திட்டன் எண்டு வையுங்கோ. அந்த மாமா காய்ச்சலோடை என்னட்டைத்தான் வாறார். ஆரோ அவருக்கு முழுக் கதையையும் சொல்லியிருக்கினம். நான் ஊசியைத் தூக்கிக்கொண்டு போகேக்கை அந்தாள் என்னை நம்பிக் கையை நீட்டுமோ?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபத்தோடு சேர்ந்து வந்த சிரிப்பு. அவளைவிட வயதில் மூத்தவள், அவளைவிடக் கூடப் படித்தவள், நானே அவளுடைய எதிர்காலத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுகிறேன் என்ற எண்ணம் எனக்கு இருந்தது. அந்த எதிர்காலத்தில் நடக்கப்போகிற ஒரு ஊசியைக்கூட அவள் யோசித்து வைத்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. கேட்டது கிடைக்கவேண்டும் என்று அவ்வளவு தவித்தவள், கிடைக்கிற வாசலில் நின்றுகொண்டு, என்னை நம்பாதே என்று சொல்லியிருக்கிறாள். நான் ஸ்கூட்டியைத் திரும்ப எடுத்தேன். வீடு வரும்வரை பின்னால் இருப்பவளை ஏதோ உடையக்கூடிய, விலைமதிப்பான சாமானைக் கொண்டுவருவது போலப் பள்ளம் பார்த்து ஓட்டினேன்.

விண்ணப்ப நாட்கள் முடிவதற்குள் நீர்வேலியில் இருந்து தொலைபேசி வந்தது. "அப்பா இண்டைக்கு விடிய மண்வெட்டியோடை வந்து என்னை எழுப்பினவர். எந்த மரத்தைக் கிண்டோணும் எண்டு காட்டு எண்டார். காட்டினன். கிண்டி எரிச்சாச்சு" என்றாள். விவசாயம் முதலாவதாக எழுதியாகிவிட்டது என்பதை நான் கேட்ட பிறகுதான் சொன்னாள். அவளுக்கு அது இரண்டாவது செய்தி.

நான் என் கணக்கைத் திருத்தினேன். கோடு ஒரு படி இறங்கியது. முகம் இல்லாதவர்களுக்காக நான் விட்ட இடைவெளிகளையும் சேர்த்தால் தங்கச்சி உள்ளே. மதிலடியில் போய், "அன்ரி, உழுந்து வாங்கி வையுங்கோ" என்றேன்.

அந்தச் சனிக்கிழமையே நீர்வேலிப் பிள்ளை சைக்கிளில் கொக்குவிலுக்கு வந்து இறங்கினாள். முன்கூடையில் ஒரு சீப்புக் கதலி, சேதன இரசாயனப் புத்தகம். விவசாயபீடம் தொடங்கப் பல மாதம் இருக்கிறது, அதுவரை எனக்கு வேறு என்ன வேலை என்றாள். அதன்பிறகு சனிக்கிழமைகளில் மதிலுக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டுக்கொண்டிருப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்கானது.

"இதிலை இலத்திரன் எங்கை போகும்?"

"இஞ்சாலை."

"ஏன், அங்காலை ஆரும் அடிக்கிறாங்களோ? வடிவாப் பாரும்."

திட்டு, சிரிப்பு, திரும்பவும் திட்டு. ஒருநாள் தங்கச்சி சலித்துப்போய், "எனக்கு இந்தமுறை கிடைச்சிட்டால் நீர் படிப்பிச்சதெல்லாம் வீண்தானே" என்றாள். மற்றவள், "கிடைச்சால் வாழைக்காரியிட்டைக் கெமிஸ்ட்ரி படிச்ச டொக்டர் எண்டு நாங்கள் சொல்லித் திரியிறம். இப்ப எழுதும்" என்றாள்.

வெட்டுப்புள்ளி வந்தது. தங்கச்சி வெளியே. மயிரிழை என்பார்களே, அது. என் கணக்கில் எங்கே பிழை என்று அலசினேன். நீர்வேலிப் பிள்ளை விலகியது உண்மை, கோடு இறங்கியதும் உண்மை. ஆனால் முகம் இல்லாதவர்கள் என்று நான் பாதிப் பேரை வெளிநாட்டுக்கு அனுப்பி வைத்தேனே, அவர்கள் ஒருவரும் போகவில்லை. அவர்களில் ஒருத்தியைப் பற்றிப் பிறகு கேள்விப்பட்டேன். வடகரைப் பக்கம், கடலுக்குப் போகிற குடும்பத்துப் பிள்ளை. ரியூசனுக்கே போகாமல் வீட்டில் இருந்து படித்தவள். எந்த நிலையமும் சொந்தம் கொண்டாட முடியாததால் எந்தச் சந்தியிலும் அவளுடைய படம் இல்லை. எங்கள் ஆளுக்குக் கிடைக்கவேண்டும் என்ற ஆசையில், காணாதவர்களை எல்லாம் இல்லாதவர்கள் ஆக்கியிருக்கிறேன்.

அன்றைக்கு மதில் கதவைத் திறந்துகொண்டு போகவே எனக்குக் கால் வரவில்லை. போனபோது தங்கச்சி அழுது முடித்து முகம் கழுவியிருந்தாள். அன்ரி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தா. மேசையில் புத்தகம் திறந்தபடி கிடந்தது. பரீட்சைக்கு அதிக நாள் இல்லை. ஆனால் அவள் அன்றைக்குத்தான் தொடங்க வேண்டியவளாக இல்லை. சனிக்கிழமை சனிக்கிழமையாகப் படித்து, முக்கால்வாசி முடித்து வைத்திருந்தாள். என் சொல்லை மட்டும் நம்பியிருந்தால் அந்த மேசை வெறுமையாக இருந்திருக்கும். நான் நீர்வேலிக்குப் போனது ஒரு வெற்றிடத்தைத் தேடி. அந்த வெற்றிடம் அவளுக்கு உதவவில்லை. அதை விட்டுச் சென்றவள் உதவினாள். அவள் கொக்குவிலுக்கு வந்ததுகூட, தங்கச்சி அந்த விறாந்தையில் சொன்ன உண்மையைக் கேட்டுத்தான்.

மூன்றாம் தர முடிவு வந்தபோது கணக்குப் பார்க்க என்னை யாரும் கூப்பிடவில்லை. தேவைப்படவில்லை, நிலை அவ்வளவு மேலே இருந்தது. காலையில் எழும்பியபோது மதிலுக்கு அப்பாலிருந்து உழுந்து அரைபடுகிற சத்தம் கேட்டது.

பரீட்சைக்கு முன்பு மீட்டல் வகுப்புக்குக் கொஞ்ச நாள் போன ஒரு நிலையம் அவளுடைய படத்தைக் கேட்டு வந்தது. தந்தால், பக்கத்தில் நீர்வேலிப் பிள்ளையின் படத்தையும் போட்டு, இரசாயனவியல் படிப்பித்தவர் என்று எழுத வேண்டும் என்றாள். அவர்கள் முழித்துவிட்டுப் போய்விட்டார்கள். ஆகவே அந்த வருடம் எந்தச் சந்தியிலும் அவளுடைய முகம் தொங்கவில்லை. என்னைப் போல ஒருத்தி எங்காவது ஸ்கூட்டியில் திரிந்து நிலைகளை நிரப்பியிருந்தால், எங்கள் தங்கச்சியும் அவளுடைய கணக்கில் படம் இல்லாத ஒரு இடைவெளிதான்.

இப்போது அவள் மருத்துவபீடத்தில். மற்றவள் கிளிநொச்சியில் விவசாயம் படிக்கிறாள், லீவுக்கு வந்தால் அப்பாவின் தோட்டத்தில் இலை பிரித்துப் பார்க்கிறாள். இருவரும் சேர்ந்தால் என்னை வைத்துத்தான் பகிடி. எனக்கு அதில் பெருமைதான்.

ஒவ்வொரு வருடமும் முடிவு வந்தால் இன்றைக்கும் என்னிடம் ஆட்கள் வருகிறார்கள். நானும் கணக்குப் பார்த்துச் சொல்கிறேன். ஆனால் வாய் திறந்ததும் முதலில், "நான் உங்கடை பிள்ளைக்குக் கிடைக்கோணும் எண்டு நினைக்கிற ஆள், அதாலை என்ரை கணக்கைக் கொஞ்சம் குறைச்சு நம்புங்கோ" என்று சொல்லிவிடுகிறேன். அப்படிச் சொல்லும் ஒவ்வொரு முறையும், கேட்டது கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, ஒரு விறாந்தையில் உண்மையைச் சொன்ன எங்கள் தங்கச்சியின் முகம்தான் எனக்குள் ஒரு பதாகையாகத் தொங்குகிறது.